உன் சின்னம்மா கீழே போடாத பிள்ளை

தம்பி,

நேற்றும் உன் பெண்டாட்டி ரேவதியின் பேரை எடுத்த உடனே நீ போனை வைத்துவிட்டாய். போன வாரமும் அப்படித்தான். ஜொகூரில் வேலை அதிகம் என்கிறாய், சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்கிறாய். இருக்கலாம். நான் சொல்ல வேண்டியதும் போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் உன் அம்மாவின் பழைய நோட்டுப் புத்தகத்தில் மிச்சமிருந்த தாள்களில் எழுதுகிறேன். ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நீ. என் கையெழுத்து கோணலாக இருந்தாலும் படித்துவிடுவாய். பாதியில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிடு, தணிந்ததும் எடுத்து மீதியைப் படி. முழுக்கப் படிக்காமல் மட்டும் விட்டுவிடாதே.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாப்பாவின் இரண்டு கண்ணும் சுத்தமாகிவிட்டன. செவ்வாய்க்கிழமை நானும் ரேவதியும் பாப்பாவை மலாக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அதே கண் டாக்டரம்மாதான், நீ பார்த்த அந்தச் சீனப் பெண். சொட்டு மருந்து விட்டு, கருவிழி விரிகிற வரைக்கும் எங்களை வெளியே உட்காரவைத்து, பிறகு பாப்பாவைத் துணியில் இறுக்கிச் சுற்றிப் படுக்கவைத்து, விளக்கு அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பாப்பா வீறிட்டு அழுதது. ரேவதி சுவரைப் பார்த்தபடி நின்றாள். டாக்டர் நிமிர்ந்து, "சுடா ஹிலாங், அங்கிள்" என்றார். போய்விட்டது. ஐந்து வாரத்துக்கு முன்னால் நாம் படத்தில் பார்த்தோமே, விழித்திரை முழுக்கச் சிவப்பு மையை உதறிவிட்ட மாதிரி, அதில் ஒரு பொட்டுகூட இப்போது இல்லை. ரேவதி இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. காரில் ஏறி உட்கார்ந்து பாப்பாவுக்குத் தொப்பி போட்டுவிட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். "மாமா, இத அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

அவள் அப்படிச் சொல்லும்படி ஆனதற்கு நீ மட்டும் காரணமில்லை. ஆனால் நீயும் காரணம். பாப்பாவின் கண் வெள்ளையில் சிவப்பு தெரிகிறது என்று முதல் தடவை போனபோது டாக்டர் உன்னிடம் என்னென்ன கேட்டார் என்று நினைத்துப் பார். பிள்ளை எங்கேயாவது விழுந்ததா, யாராவது பிடித்துக் குலுக்கினார்களா, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். பிறகு பிரசவம் எப்படி ஆனது என்று கேட்டார். பிள்ளை இறங்காததால் தலையில் கிண்ணம் மாதிரி ஒன்றை ஒட்டி இழுத்து எடுத்தார்கள் என்று ரேவதி சொன்னாள். அதைக் கேட்டதும்தான், "அப்படியென்றால் இது பெரும்பாலும் பிறக்கும்போதே வந்ததாக இருக்கும். பல பிள்ளைகளுக்கு வரும், தானாகவே போய்விடும். ஒரு மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள்" என்றார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். ஆனால் உன் காதில் தங்கியது அந்த முதல் கேள்விகள் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து நீ அவளைக் கூடத்தில் நிற்கவைத்துக் கேட்டாய். "அன்னைக்கு மத்தியானம் பால் குடுக்கறப்ப தூங்கிட்டேன்னு சொன்னியே, அப்ப என்ன ஆச்சு?" அவள், "உட்கார்ந்தபடியே கண்ண மூடிட்டேங்க, பிள்ள கையிலதான் இருந்துச்சு" என்றாள். நீ விடவில்லை. "நீதான் தூங்கிட்டியே, உனக்கு எப்படித் தெரியும் பிள்ள கையிலதான் இருந்துச்சுன்னு? ஒண்ணுமில்லன்னா டாக்டர் சும்மா கேப்பாங்களா லா?" நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன். மறுநாள் நீ ஜொகூருக்கு வண்டியேறினாய். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலோர் காஜாவில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு நான் எழுந்து உன் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. நீ பேசிய ஒவ்வொரு வார்த்தையும் முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் பேசியது. அந்தக் குரல் என்னுடையது தம்பி.

உன் இந்திராணி சின்னம்மாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? உன் அம்மாவின் தங்கை, நீ பிறந்து பத்தாம் நாள் உன்னைக் கீழே போட்டுவிட்டாள், அதனால்தான் உன் இடது கண் மங்கலாகிப்போனது, அதனால்தான் அவள் நம் வீட்டுக்கு வருவதில்லை. இவ்வளவுதான் தெரியும். இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இதில் கடைசி வரி மட்டும்தான் உண்மை.

அப்போது நாங்கள் பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். நான் செம்பனைப் பழம் ஏற்றுகிற லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவுக்கு வலி எடுத்து இரண்டு நாளாகியும் நீ வெளியே வரவில்லை. கடைசியில் உன்னையும் கிண்ணம் ஒட்டி இழுத்துத்தான் எடுத்தார்கள். நான் பார்த்தபோது உன் தலை சுரைக்காய் மாதிரி நீண்டிருந்தது. அம்மாவால் எழுந்து நடக்கவே முடியவில்லை. நியாலாஸ் பக்கத்தில் இருந்த அவள் வீட்டிலிருந்து இந்திராணியை வரச்சொன்னோம். அவளுக்குப் பதினெட்டு வயது, கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். வந்த அன்றைக்கே வீட்டை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பத்தியச் சமையல், உனக்குக் குளிப்பாட்டு, துணி துவைப்பு எல்லாம் அவள்தான். நடுவீட்டில் ஸ்பிரிங் கட்டி, சாரோங்கில் தொட்டில் போட்டு, ரேடியோவில் வருகிற பாட்டுக்குத் தகுந்த மாதிரி உன்னை ஆட்டிக்கொண்டிருப்பாள். பாயில் படுத்தபடியே உன் அம்மா, "மெதுவாடி, பிள்ள பயந்துக்கும்" என்று சத்தம் போடுவாள். இந்திராணி சிரிப்பாள். நீ அந்த ஆட்டத்தில்தான் தூங்குவாய்.

பத்தாம் நாள் உன் உடம்பு மஞ்சளாக இருக்கிறது என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இடது கண்ணின் வெள்ளையில் ஒரு சிவப்புத் திட்டும் இருந்ததால், அங்கிருந்த டாக்டர் கண்ணுக்குள்ளும் விளக்கு அடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தம் இருக்கிறது என்றார். பிறகு, "பேபி அடா ஜாத்தோ?" என்று கேட்டார். பிள்ளை விழுந்ததா என்று. அது கேள்விதான். எனக்கு அது கேள்வியாகக் கேட்கவில்லை. பிள்ளை விழுந்திருக்கிறது, அப்பன் உனக்கே தெரியவில்லையா என்று கேட்ட மாதிரி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு தெரியவில்லை என்றேன். பிரசவத்தைப் பற்றி அவர் கேட்டாரா, கேட்கவில்லையா என்று இப்போது ஞாபகமில்லை. கேட்டிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது. உன் காதில் ஏறாத மாதிரிதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக இந்திராணியிடம் போனேன். "பிள்ளைய எங்கடி போட்ட?" அவளுக்குப் புரியவே இல்லை. "எந்தப் பிள்ள அத்தான்?" என்று கேட்டாள். அதையே நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். "டாக்டரே சொல்லிட்டாரு. கண்ணுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. அக்காவால எந்திரிக்கவே முடியல. உன்னத் தவிர யாரு தூக்குனா அவன?" "நான் போடல அத்தான், சத்தியமா போடல." "சத்தியமா? வா, கோயிலுக்கு வா."

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். வேலை முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம். லயத்துச் சனங்கள் எல்லாரும் பார்க்க அவளைக் கையைப் பிடித்து முனியாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சூடத்தைக் கொளுத்தி வைத்து, அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. உள்ளங்கையை அப்படியே தீயின் மேல் வைத்து அமுக்கினாள். அணைந்தது. கையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இப்போதாவது நம்புவேன் என்று நினைத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சூடத்த அணைச்சவங்க எல்லாரும் உண்ம சொன்னவங்களா?" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கூட ஒரு ஆள்கூட அனுப்பவில்லை. உன் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுதாளே தவிர, என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கும் மனதுக்குள் ஒரு சந்தேகத்தை நான் போட்டுவிட்டேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பேச்சு தோட்டம் தோட்டமாகப் போனது. கைப்பிள்ளையைக் கீழே போட்டுவிட்டு இல்லையென்று சாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவள் என்று ஆனாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மாதத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இடங்களும் விசாரித்துவிட்டுத் திரும்பின. அவளுக்குக் கல்யாணமே நடக்கவில்லை. ஒரு மாதம் கழித்து உன் அம்மா உன்னைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கண்ணில் ரத்தம் இல்லை, சரியாகிவிட்டது என்றார்கள். அது என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். நானோ, "பாத்தியா, அவ கையவிட்டு எடுத்ததும் சரியாயிருச்சு" என்றேன். எது நடந்தாலும் அது அவள் குற்றத்துக்குச் சாட்சியாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஒருத்தரைக் குற்றவாளி என்று முடிவு பண்ணிவிட்டால் மனுஷனுக்குப் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

இனி சொல்லப்போவது உன் கண்ணைப் பற்றியது. இதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும். நீ ஒன்றாம் ஆண்டு படிக்கும்போது உன் ஆசிரியை என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். வலது கண்ணை மூடினால் பலகையில் இருக்கிற எழுத்து உனக்குத் தெரியவில்லை, உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள், சின்ன வயதில் பார்த்தால் சரிபண்ணலாம் என்றார். நான் அவருக்குப் பதில் சொன்னேன்: "டீச்சர், அது பொறந்தப்பவே அடிபட்ட கண்ணு. என் கொழுந்தியா கீழ போட்டுட்டா. ரத்தம் போனாலும் வடு போகுமா?" அவர் இன்னும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. யார் கெடுத்தது என்று தெரிந்த கண்ணுக்கு மருந்து எதற்கு என்று நினைத்தேன். நீ பத்தொன்பது வயதில் பொம்பாவில் சேரப் போனாயே, தீயணைப்பு வீரன் ஆகவேண்டும் என்று தினமும் திடலில் ஓடினாயே, கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நீ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய். நான் வெளியே நின்று உன் சின்னம்மாவைத் திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை பாப்பாவைப் பார்த்து முடித்ததும் ரேவதியை வெளியே போகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணம் ஒட்டி எடுத்தது, பத்தாம் நாள் ரத்தம், ஒரு மாதத்தில் போனது, பிறகு மங்கலான கண். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்போது நான் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல முடியாது அங்கிள். ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் பிரசவத்தில் வந்த ரத்தத்துக்குத்தான் பொருந்துகிறது. யாரும் போட்டிருக்க வேண்டியதில்லை" என்றார். "அப்போது ஏன் விழுந்ததா என்று கேட்டார்கள்?" என்றேன். "நாங்கள் எல்லாரிடமும் கேட்டாக வேண்டும். நிஜமாகவே பிள்ளையைக் குலுக்கினாலும் அடித்தாலும் ரத்தம் வரும். கேட்காமல் விட்டால் அந்தப் பிள்ளையை யார் காப்பாற்றுவது? கேட்பதனால் நீங்கள் செய்தீர்கள் என்று அர்த்தமில்லை" என்றார். நான் கடைசியாக உன் பார்வையைப் பற்றிக் கேட்டேன். பிறக்கும்போது வருகிற ரத்தம் பெரும்பாலும் தடம் இல்லாமல் போய்விடும், இது வேறாக இருக்கலாம், ஒரு கண்ணில் பவர் அதிகமாக இருந்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும், ஆறேழு வயதில் கண்ணாடி போட்டு நல்ல கண்ணை மூடிப் பழக்கியிருந்தால் பார்வை தேறியிருக்கலாம் என்றார். தேறியிருக்கலாம் என்றுதான் சொன்னார், தேறியிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதுவே போதுமாக இருந்தது. உன் கண்ணைக் கெடுத்தவர் என்று யாராவது ஒருவரைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், அது நான்.

வியாழக்கிழமை நியாலாஸ் போனேன். கடைவரிசைக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள், துணி தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால் உன் அம்மாவின் சாவுக்கு வந்து, கூடாரத்துக்கு வெளியிலேயே நின்று, முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனாளே, அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அம்மா கடைசி வாரத்தில், "இந்திராவ ஒரு தடவ வரச்சொல்லுங்களேன்" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நான் தள்ளிப்போட்டேன். இந்திராணி கதவைத் திறந்து, "வாங்க அத்தான்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தலை முழுக்க நரைத்திருக்கிறது. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். பாப்பாவுக்கு வந்ததையும் சொன்னேன்.

அவள் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நான் ஒண்ணும் பண்ணலயா, அத்தான்?" என்றாள்.

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை தம்பி. நிஜமாகவே கேட்டாள். பிறகு அவளே பேசினாள். "அன்னைக்கு நான் போடலன்னு சொன்னேன். போடல, அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா பஸ்ல தனியா போறப்ப யோசிச்சேன். தொட்டில ரொம்ப வேகமா ஆட்டுனேனே, அக்காகூட மெதுவாடின்னு சொன்னாளே, அதுலதான் ஆச்சோன்னு. அதுக்கப்புறம் அந்த நெனப்பு என்னவிட்டுப் போகவே இல்ல. யாரு வீட்டுல பிள்ள பொறந்தாலும் போய்ப் பாப்பேன், தூக்க மாட்டேன். கையில குடுத்தா, சட்டையில ஊசி குத்தியிருக்கேன், பிள்ளைக்குப் பட்டுரும்னு சொல்லிருவேன். அவன் கல்யாண வீட்டுல கேட்டான் பாருங்க, அன்னைக்கும் மனசுக்குள்ள ஆமான்னுதான் சொல்லிக்கிட்டேன்."

அந்தக் கல்யாண வீடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஜாசினில், உனக்குப் பன்னிரண்டு வயது. சாப்பாட்டுப் பந்தியில் அவள் உனக்கு எதிரே உட்கார்ந்தாள். நீ எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என் கண்ணக் கெடுத்தது நீங்கதானே?" என்றாய். அவள் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். நான் உன்னைக் கண்டிக்கவில்லை. தோளில் தட்டிக்கொடுத்தேன். உன்னைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, நான் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் நீ ஒப்பித்தாய்.

"என்ன மன்னிச்சிரு இந்திரா" என்றேன். அவள், "அது இருக்கட்டும் அத்தான். அக்கா இதத் தெரிஞ்சிக்கிட்டுப் போனாளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் உள் அறைக்குப் போனாள். தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று நினைத்து நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். வாசலுக்குப் போகும்போதே உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "இந்திரா, நான்தான்" என்று கூப்பிட்டேன். மெஷின் நின்றது. நான் அங்கே நின்ற அவ்வளவு நேரமும் அது திரும்ப ஓடவில்லை, கதவும் திறக்கவில்லை. நான் கிளம்பிவிட்டேன். இன்னொரு தடவை போகலாமா என்று தெரியவில்லை. போய் நிற்பதும் அவளைத் தொந்தரவு பண்ணுவதாகத்தான் எனக்குப் படுகிறது. நீ ஒரு நாள் போகலாம். பழம், பலகாரம் எதுவும் வாங்கிப் போகாதே. கல்யாண வீட்டில் நீ சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேள், என் சார்பில் எதுவும் கேட்காதே. போகச் சொன்னால் போய்விடு.

ஆனால் அதற்கு முன்னால் நீ போக வேண்டிய இடம் அலோர் காஜா. டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை ரேவதி பத்திரமாக மடித்து வைத்திருக்கிறாள், நீ கேட்டால் காட்டுவதற்காக. அதைக் கேட்காதே. "டாக்டர் ஓக்கே சொல்லிட்டாங்களாமே" என்றும் தொடங்காதே. டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவள்மேல் குற்றம் என்றுதானே அதற்கு அர்த்தமாகும்? நான் தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல். அவள் அம்மா இருக்கும்போது சொல், ஏனென்றால் என் முன்னால் வைத்துத்தான் அவளைக் கேட்டாய். வார்த்தை வரவில்லை என்றால் பாப்பாவை அவள் கையிலிருந்து வாங்காமல், அவள் கையில் இருக்கும்போதே கொஞ்சு. அவள் கையை நீ நம்புகிறாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

சீக்கிரம் போ. செவ்வாய்க்கிழமை காரில் வரும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். "மாமா, அன்னைக்கு நான் தூங்குனது உண்மதான். நழுவலன்னுதான் நெனைக்கிறேன். ஆனா நான்தான் தூங்கிட்டேனே, எப்படித் தெரியும்?" நீ கேட்ட கேள்வியை இப்போது அவளே தன்னிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறாள். ரத்தம் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படிக் கேட்டாள். பாப்பாவைத் தூக்கும்போது முன்பெல்லாம் ஒரு கையில் தூக்குவாள், இன்னொரு கையால் வேலை செய்வாள். இப்போது இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கிறாள், உட்கார்ந்துகொண்டுதான் தூக்குகிறாள்.

உன்மேல் அவளுக்கு இன்னும் கோபம் இருக்கிறது. போனதும் கத்துவாள், கதவைச் சாத்தினாலும் சாத்துவாள். அந்தக் கோபம் இருக்கும்போதே போய்விடு தம்பி. கோபம் போன பிறகு அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று நான் நியாலாஸில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பா